ரஸ் அனுப்பிய மீன்

1

இந்தக் கதை ஆற்றங்கரையில் பிறக்கவில்லை. என் கடையில் ஒரு ஆர்டராகப் பிறந்தது. இரண்டடிக்கு மூன்றடி, பளபளப்பில்லாத தாள், கறுப்புச் சட்டம், கண்ணாடி வேண்டாம். எழுத்தாளன் ஏதோ தரிசனம் கிடைத்து எழுதுகிறான் என்று நம்புகிறவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை.

வெல்டனில் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். பேனர், டி-ஷர்ட், கல்யாணப் பத்திரிகை, காணாமல்போன நாய்க்கு நோட்டீஸ், தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் பலகை. கடைக்குப் பின்னால் சஸ்குவெஹானா ஆறு ஓடுகிறது. இரண்டு முறை கடைக்குள்ளேயும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இங்கே என்னை எல்லோரும் பேரி என்பார்கள்.*

* இளம்பரிதியைச் சுருக்கிப் பரிதியாக்கியது நான். பரிதியைப் பேரியாக்கியது அவர்கள். இப்போது அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

"பனி உருகி ஆறு நிறைந்திருந்தது. கரையோர மேப்பிள் மரங்கள் துளிர்விட, பாறைகளுக்குப் பின்னால் ஸ்மால்மவுத் மீன்கள் முட்டையிடக் கூடத் தொடங்கிய அந்த மே மாதக் காலையில்—"

நிறுத்திவிட்டேன். வசந்தத்தை அழகாக எழுதிவிட்டு அதற்குள் ஒரு பிணத்தை மிதக்கவிடுவது பழைய தந்திரம். எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது:

"ரஸ் பெலாக் நல்ல மனிதர்."

இதையும் அடித்துவிட்டேன். அவர் மனைவி டோரீனிடம் இதைச் சொன்னால், "நல்ல மனுஷன்தான். குப்பத்தொட்டிய மட்டும் ஒருநாளும் வெளிய வச்சதில்ல" என்பாள்.

மூன்றாவது ஆரம்பம் ஒரு கேள்வி. அதை அடிக்க முடியவில்லை, ஆகவே அதுவே இருக்கட்டும். ரஸ்ஸின் கயாக் என்கிற ஒற்றை ஆள் படகு கவிழ்ந்தபோது, கூப்பிடு தூரத்தில் இன்னொரு கயாக்கில் இருந்த அவருடைய சிநேகிதன் லெனி அதைப் பார்த்தானா, இல்லையா? டோரீனுக்கு அது தெரிந்தாக வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

2

நடந்ததாக ஊர் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் கயாக் கிளப்புக்குத் திருநாள். குளிர்காலம் தொடங்கி மே பிறக்கும்வரை, சின்னப் படகில் போகிறவன் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டே ஆகவேண்டும் என்று இங்கே சட்டம். மே பிறந்ததும் சட்டம் விட்டுவிடும். தண்ணீர் விடாது. அது இன்னும் பனி உருகிய தண்ணீர்தான், கையை விட்டால் எலும்பு வரைக்கும் வலிக்கும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை கரையில் நின்று எல்லோரும் சேர்ந்து ஜாக்கெட்டைக் கழற்றி, இருக்கைக்குப் பின்னால் கட்டிவைப்பது எங்கள் வழக்கம். யாராவது கைதட்டுவார்கள், யாராவது பீர் டின்னைத் திறப்பார்கள். கழற்றாதவனைப் பார்த்து, "என்னடா, அம்மா பட்டன் போட்டு அனுப்பினாங்களா?" என்று கேட்போம்.

அடுத்தது மீன். கிளப்பில் மீனைக் கொல்வதில்லை. பிடித்ததை மடியிலிருக்கும் அளவுப் பலகையில் கிடத்தி, ஃபோனில் படம் எடுத்து, ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். படம்தான் சாட்சி. மீனின் மூக்கு பலகையின் முனைத் தடுப்பைத் தொட்டிருக்க வேண்டும். வால் முழுசாகத் தெரிய வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும், திறந்திருந்தால் அளவில் கழித்துவிடுவார்கள். பழைய படத்தைக் காட்டி ஏமாற்றாமல் இருக்க, அன்று காலையில் சொல்லப்படும் ஒரு சொல்லை அட்டையில் எழுதி மீனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்தச் சொல்லைத் தேர்வு செய்கிறவர் கிளப்பை நடத்தும் வெர்ன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் என்ன தின்றாரோ அதுதான் அன்றைய சொல். அந்தச் சனிக்கிழமை அது 'பான்கேக்'.

ரஸ்ஸும் லெனியும் எப்போதும்போல ஜோடியாகப் போனார்கள். தீவுக்குக் கீழே, ரயில் பாலத்துக்கு மேலே, பெரிய பாறைகளுக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று நிற்கும் இடம். லெனிக்கு ஆயுளில் ஒருமுறை மாட்டுகிற மீன் மாட்டியது. இருபத்தொன்றேகால் அங்குலம், வயிறு நிறைய முட்டை. படம் எடுத்தான், மீனை விட்டான், திரும்பினான். ரஸ்ஸின் ஆரஞ்சு கயாக் கவிழ்ந்தபடி பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரஸ் இல்லை. லெனி துடுப்பைப் போட்டுக்கொண்டே தொண்டை கிழியக் கத்தியதைக் கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். மறுநாள் பாலத்தூணில் ரஸ்ஸைக் கண்டெடுத்தார்கள். ஜாக்கெட் கயாக்கில் பத்திரமாகக் கட்டியபடி இருந்தது.

நான் அன்று ஆற்றில் இல்லை. பள்ளிக்கூடப் பட்டமளிப்புக்கு பேனர் அடித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தின்போது லெனி எழுந்து பேசினான். "அந்த மீன நான் புடிக்கல. ரஸ் அனுப்பி வச்சான். எனக்கு அவன் கடைசியாக் குடுத்தது அதுதான்." சர்ச்சில் எல்லோரும் அழுதார்கள். டோரீன் மட்டும் அழவில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அந்த வருடக் கோப்பை லெனிக்குப் போனது. அவன் அதை டோரீனிடம் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வாங்கி கராஜில் பெயிண்ட் டப்பாக்களோடு வைத்தாள். நினைவு டி-ஷர்ட்டிலும் அதே மீன்தான். வெர்ன் மீனை மட்டும் வெட்டி அனுப்பினார், நான் அச்சடித்தேன். கீழே ஒரு வாசகம்: "பிடித்ததைச் செய்துகொண்டே போனார்."

[இதைத் தமிழில் எழுதினால் இன்னும் கேவலமாக இருக்கிறது. ஐஸ் தண்ணீரை விழுங்குவது யாருக்குப் பிடித்தமான வேலை?]

3

மூன்று வசந்தம் போனது. இந்த வருடம் மார்ச் கடைசியில் டோரீன் கடைக்கு வந்தாள். தபால் நிலையக் கவுன்டரில் முப்பது வருடம் நின்றவள், சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. ஃபோனை நீட்டினாள்.

"இதப் பெருசாப் போடணும். சமையலறைச் செவுத்துக்கு."

லெனியின் மீன்.

"உங்களுக்கா? மீன் நாத்தமே ஆகாதும்பீங்க."

"படத்துல நாத்தம் வராதுல்ல. போடு."

திரையில் ஏற்றி, பழக்கதோஷத்தில் ஓரங்களை வெட்டப் போனேன். மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். சட்டம் முழுக்க மீன் நிறைய வேண்டும் அவர்களுக்கு.

"வெட்டாத. முழுசா வேணும்."

"மேல வெறும் தண்ணிதானே, டோரீன்."

"நல்லாப் பாரு, பேரி."

பார்த்தேன். பலகையில் மீன். அதன் வாயை அழுத்தி மூடியிருக்கும் லெனியின் இடதுகை. பான்கேக். மீனுக்கு அப்பால் ஆறு. வலப்பக்க மேல் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் என்னவோ, நகக்கண் அளவுக்கு. பெரிதாக்கினேன். கயாக்கின் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படம் எடுக்கப்பட்டபோதே ரஸ் தண்ணீருக்குள் இருந்திருக்கிறார்.

டோரீனே சொன்னாள்.

"போன நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு லெனி சாப்பிட வந்தான். வழக்கம்போல ஃபோன எடுத்து மீனக் காட்டினான். நீங்கல்லாம் என்ன பண்ணுவீங்க? ரெண்டு வெரல வச்சு மீனப் பெருசாக்குவீங்க. எனக்கு அதப் பாக்கவே புடிக்கல. நான் சின்னதாக்கினேன். எனக்கும் அனுப்புடான்னேன், சந்தோஷமா அனுப்பினான்."

கிளப்பில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் கிடையாது. லெனியின் ஃபோன் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது, என் கைக்கும் வந்திருக்கிறது. வாய் மூடியிருக்கிறதா என்று பார்த்தோம். வால் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்தோம். கால் அங்குலத்துக்காக வெர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். செத்த மனிதரின் படகு அந்தப் படத்திலேயே கிடந்தது. மீனைத் தாண்டி ஒருவன் கண்ணும் போகவில்லை.

"லெனிகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"எப்பத் தருவ?" என்றாள் டோரீன். "மே மொதச் சனிக்கிழமைக்குள்ள வேணும். அன்னிக்கு அவனுக்கு விருந்து."

4

லெனியை எழுத வரவில்லை.*

* இவர்கள் பாஷையில் தெய்வம், திருடன் இருவருக்கும் ஒரே சொல் போதும். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே அவனா, அவரா என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டியிருக்கிறது. ரஸ் செத்துப்போனதால் 'அவர்' ஆனார். லெனிக்கு என் பேனா 'அவன்' போட்டுவிட்டது. விசாரணை முடியவில்லை என்பதை வாசகர் கவனிக்கவும்.

வில்லனாக எழுதிப் பார்த்தேன்:

"ஓரக்கண்ணில் ஆரஞ்சு நிறம் புரள்வது லெனிக்குத் தெரிந்தது. மடியில் இருபத்தொன்றேகால் அங்குலம் துள்ளியது. ரஸ் நன்றாக நீந்துவான். ஒரு படம், ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு—"

எழுதி முடித்ததும் பரம திருப்தியாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.

ஏனென்றால் லெனி என்கிற ஆள் இருக்கிறானே, பனி கொட்டிய காலையில் தன் வாசலை வாருவதற்கு முன்னால் டோரீன் வாசலை வாருகிறவன். மான் சுட்டால் பாதி இறைச்சி அவள் வீட்டுக்கு. ஜனவரியில் அவள் வீட்டு ஹீட்டர் நின்றபோது ராத்திரி முழுக்க நிலவறையில் மல்லாந்து படுத்து அதைச் சரி செய்தான், கூலி பேசியதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. பாவம் செய்தவன் இப்படித்தான் பரிகாரம் தேடுவான் என்று ஒரு பக்கம் எழுதலாம். ஒரு பாவமும் அறியாதவன் இப்படித்தான் இருப்பான் என்று அதே பக்கத்தை, ஒரு சொல்லையும் மாற்றாமல், மறுபடியும் எழுதலாம். என் எரிச்சல் அதில்தான்.

நிரபராதியாகவும் எழுதிப் பார்த்தேன்:

"பாறைகளில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் விழுகிறவனுக்குக் கத்த மூச்சு கிடைக்காது. முதல் மூச்சிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும். லெனிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் விரல்கள் விறைத்திருந்தன, மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது, அவன் அந்த வாயையே—"

இதுவும் நம்பும்படிதான் இருக்கிறது. பெரிய மீன் மடியில் கிடக்கும்போது மனிதனுக்குக் காது அடைத்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் என் மகள் மூன்று முறை கூப்பிட்டும் ஃபோனை எடுக்காதவன் நான். அவளுக்கு அன்று கார் டயர் வெடித்திருந்தது.

[முதலில் ஒரு படம் எடுத்திருப்பானோ? மீன் வாயைத் திறந்திருக்கிற படம். அதே மேல் மூலையில் கயாக் நிமிர்ந்திருக்க, ரஸ் தூண்டிலை வீசிக்கொண்டிருக்கிற படம். வாய் திறந்திருந்ததால் அதை அழித்துவிட்டு இன்னொன்று எடுத்திருப்பான். அந்தப் படம் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. இது முழுக்க என் சொந்தச் சரக்கு, கதையில் இருக்கக்கூடாது. ஆனாலும் நினைத்த பிறகு என்னால் எடுக்க முடியவில்லை.]

5

மே முதல் சனிக்கிழமை மத்தியானம் படத்தை டோரீன் வீட்டுச் சமையலறையில் மாட்டினேன். எந்த நாற்காலிக்கு எதிரே என்பதை அவள்தான் காட்டினாள். கொஞ்சம் உயரமாக மாட்டினேன். "இறக்கு, உக்காந்தா கண்ணுக்கு நேரா இருக்கணும்" என்றாள். இறக்கினேன். அந்த அளவில் ஆரஞ்சு கயாக் என் கட்டைவிரலைவிடப் பெரியதாக இருந்தது. கண் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆற்றிலிருந்து வெர்னும் லெனியும் வந்தார்கள். இருவர் முகமும் வெயிலில் சிவந்திருந்தது. டோரீன் ஸ்பீடி செய்திருந்தாள். இரண்டு நாள் ஊறிய பன்றிக்கறியைக் கம்பியில் சுட்டு, நீள ரொட்டிக்குள் வைத்து உருவித் தருவது. லெனி கை கழுவிவிட்டுத் திரும்பினான், படத்தைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான்.

"டோரீன். இது என் மீனு."

"உன் மீனுதான்."

"நீ… நீயா மாட்டினே?"

"பேரி மாட்டினான். நான் ஆணி புடிச்சேன். உக்காரு."

அவள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. வெர்ன் எழுந்து படத்தருகே போனார்.

"பான்கேக்," என்று சிரித்தார். "அன்னிக்கு மேப்பிள் சிரப் தீர்ந்துபோச்சு, வெறுமனே தின்னேன். ஞாபகம் இருக்கு. லெனி, இந்த ரெக்கார்ட இன்னிவரைக்கும் ஒருத்தனும் தொடல. வாலப் பாரு, கோட்டத் தாண்டி நிக்குது. நான்தான் கஞ்சத்தனமாக் கால் அங்குலத்தோட நிறுத்திட்டேன்."

"அரை குடுத்திருக்கலாம்," என்றான் லெனி.

"குடுத்திருந்தா கிளப்ப ரெண்டா ஒடச்சிருப்பானுங்க."

டோரீன் லெனியின் தட்டில் ரொட்டியை வைத்தாள். நாற்காலியை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்க்கும் திசையிலேயே பார்த்தாள்.

"வேற என்ன தெரியுது, லெனி?"

"வேறன்னா?"

"படத்துல."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். படத்தை மேலும் கீழும் பார்த்தான். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு தாங்காமல் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கண்கள் மேலே போயின. போனது எனக்கு நிச்சயம். அங்கே எவ்வளவு நேரம் நின்றன என்பதுதான் நிச்சயமில்லை.

"கண்ணு," என்றான் கடைசியில். "அந்தச் செகப்புக் கண்ணு அப்படியே வந்திருக்கு. ஃபோன்ல இப்படித் தெரியாது." ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ரஸ் அனுப்பினது, டோரீன். நான் எப்பவும் சொல்றதுதான்" என்றான்.

"ஆமா, எப்பவும் சொல்வ," என்றாள் டோரீன். "இன்னொண்ணு வச்சுக்க. ஆறிடப்போகுது."

அவன் இன்னொன்று தின்றான். அதற்கு மேலும் ஒன்று தின்றான்.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவ நின்றேன். டோரீன் துடைத்து அடுக்கினாள்.

"நேராவே கேட்டுடுங்களேன்," என்றேன்.

"கேட்டா அழுவான்."

"அழட்டுமே."

"அழுதா பதில் வராது பேரி, அழுகதான் வரும். மூக்கச் சிந்திக்கிட்டு என் தோள்ல சாய்வான். அதுக்கப்புறம் அவனயும் நான்தான் தேத்தணும். மூணு வருஷமா இந்த ஊரயே நான்தான் தேத்திக்கிட்டு இருக்கேன். புடிச்சதச் செஞ்சுகிட்டே போயிட்டாருன்னு கையப் புடிச்சு அழறவங்களுக்கெல்லாம் டிஷ்யூ எடுத்துக் குடுத்தவ நான்." தட்டை அலமாரியில் வைத்தாள். "அவனா பாக்கணும். அவனா வந்து சொல்லணும். பாக்கவே இல்லன்னா, போகட்டும், மடையன்னு நெனச்சு இன்னும் இருபது வருஷம் சோறு போடுவேன். பாத்துட்டுத்தான் என் எதிர்ல உக்காந்து திங்கறான்னா, அது எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா?"

"அப்புறம் அவன் இந்த வாசல்ல பனி வார வேண்டாம்." கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உன் கடைக்கு வருவான். ஆம்பளைங்க என்கிட்ட பேசாதத அங்க பேசுவீங்க. எதாவது சொன்னான்னா எனக்குச் சொல்லணும். மறைக்காத."

சரி என்றேன்.

6

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். கண் மேலே போய், சிவப்புக் கண்ணில் வந்து இறங்கிய இடத்திலேயே முடித்திருந்தால் அடக்கமான கதை என்று நாலு பேர் பாராட்டியிருப்பார்கள். முடிக்க முடியாமல் இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு ஒன்று. லெனி படத்தைப் பார்க்கிறான், ஆரஞ்சைக் காண்கிறான், நாற்காலி சரிய எழுகிறான், டோரீன் காலடியில் விழுந்து—

காலடியில் விழுகிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. அதைத் தமிழ்நாட்டிலிருந்து நான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். திருப்பி வைத்துவிடுகிறேன்.

முடிவு இரண்டு. ஒரு நாள் காலை டோரீன் தானே படத்தைக் கழற்றி, கராஜில் கோப்பைக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, லெனிக்குக் காப்பி போடுகிறாள். மன்னித்துவிட்டாள்.

மன்னிக்கவில்லை. எழுதுகிறவனுக்குக் கை வலித்தால் உடனே பாத்திரங்கள் ஒருவரையொருவர் மன்னித்துவிடுகிறார்கள். அவள் பெயரில் கையெழுத்துப் போட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் ஏன் தமிழில் எழுதுகிறேன்? தாய்மொழிப் பற்று என்று பேட்டியில் சொல்வேன். உண்மை என்னவென்றால் வெல்டனில் தமிழ் படிக்க என்னைத் தவிர ஆளில்லை. லெனியின் பெயரை எழுதலாம், படத்தை எழுதலாம், எல்லோரையும் கூண்டில் ஏற்றலாம், திங்கட்கிழமை கடையைத் திறந்து அவனுக்கே சிரித்துக்கொண்டு தொப்பி அச்சடித்துக் கொடுக்கலாம். ரொம்பப் பாதுகாப்பான துணிச்சல் இது. டோரீனிடம் "உங்க கதைய எழுதறேன்" என்று சொன்னபோது, "எந்த பாஷைல?" என்று கேட்டாள். சொன்னேன். "நல்லா இருக்கே," என்றாள். "அங்க இருக்கறவங்க வந்து லெனிகிட்ட கேப்பாங்களா?"

7

[இந்தப் பகுதி திட்டத்தில் இல்லை. மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகு நடந்தது.]

செவ்வாய்க்கிழமை லெனி கடைக்கு வந்தான். கவுன்டரில் சாய்ந்து நின்று, ஆறு இறங்கிவிட்டது, மீன்கள் முட்டைக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டன, இனி ஒரு மாதம் ஆண்மீன் குழியைவிட்டு நகராது என்றெல்லாம் பேசினான். பேச்சை முடித்தும் போகவில்லை.

"டோரீன் வீட்ல மாட்டினியே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுத் தா."

"அதே அளவா?"

"அதே அளவு."

படத்தைத் திரையில் எடுத்தேன். அவன் கவுன்டரைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றான். மூச்சில் புகையிலை வாடை. கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தான். பிறகு திரையில் விரல் வைத்தான்.

"இந்தத் தண்ணியெல்லாம் எதுக்கு? இதுவரைக்கும் போதும். மீனு மட்டும் இருக்கட்டும்."

கட்டைவிரல் வலப்பக்க மேல் மூலையில் இருந்தது. அடியில் ஆரஞ்சு துளிகூடத் தெரியவில்லை.

[நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். விரலை நான் அங்கே வைக்கவில்லை. கதை கட்டுகிறவனாக இருந்தால் இடது மூலையில் வைத்திருப்பேன், இவ்வளவு கச்சிதம் கதைக்கு ஆகாது. தவிர, லெனியின் விரல் பெரியது. எங்கே வைத்தாலும் எதையாவது மறைக்கும். கடைக்கு வரும் ஒவ்வொரு மீன்காரனும் இதே இடத்தில் விரல் வைத்து இதையேதான் கேட்டிருக்கிறான்.]

"முழுசாப் போட்டாத்தான் நல்லா இருக்கும்," என்றேன். "டோரீனுக்கு அப்படித்தான் போட்டேன்."

"அது அவ வீடு."

"ஏன் லெனி, என்ன ஆச்சு?"

"என்ன ஆகணும்?" அவன் விரலை எடுக்கவில்லை. "என் வீட்ல நான் தெனமும் பாக்கணும்ல."

வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். கதவருகே நின்று, டோரீன் வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பார்க்கப் போகிறேன், ஏணி பிடிக்க வருகிறாயா என்று கேட்டான். வருகிறேன் என்றேன்.

அரைமணி நேரம் கழித்து ஃபோன் வந்தது. வெல்டனில் ஒருவன் வண்டி எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"லெனி வந்திருந்தான் போல," என்றாள் டோரீன்.

"வந்தான்."

"என்ன வேணுமாம்?"

"அதே படம். அவனுக்கும் ஒண்ணு வேணுமாம்."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம். அவள் அதை அணைத்தாள்.

"முழுசா கேட்டானா?"

இந்த இடத்தில் நான் ஒரு பதில் சொன்னேன். அதை எழுதி, அடித்து, திரும்ப எழுதி, இப்போது மொத்தமாக எடுத்துவிட்டேன். ஆமாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவன் கூரையேறுவான், அவள் கீழே அவனுக்கு ரொட்டி சுடுவாள், அடுத்த மேயிலும் சுடுவாள். இல்லை என்றால் ஒரு விரல் பட்ட இடத்தை வைத்து ஒரு மனிதனை முடித்துவிட்டவனாவேன். ஆமாம் என்பது பொய். இல்லை என்பது எனக்குத் தெரியாத ஒன்றுக்குச் சாட்சி. அவள் இன்னும் ஃபோனை வைக்கவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்து, மீனைத் தாண்டிப் பார்த்தவர் நீங்கள். ரஸ் பெலாக்கின் மனைவி கேட்கிறாள், பதில் சொல்லுங்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் சாக்கை நான் ஏற்கனவே பயன்படுத்திவிட்டேன்.